அப்ரண்டிஸாகவே ரிட்டயர் ஆவது எப்படி?

ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் பிட்டர் படித்து, பெரிய கம்பெனி ஒன்றில் ஒரு வருஷம் அப்ரண்டிஸும் முடித்து, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழைக் கையில் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு வாழ்த்துகள். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ரயில்வேக்கு எழுது என்பார் மாமா. துபாய்க்குப் போ என்பார் சித்தப்பா. பேசாமல் டிப்ளமோ சேர் என்பார், மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்து இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். இவர்கள் யாருக்கும் தோன்றாத பாதை ஒன்று உண்டு. தலை நரைக்கும்வரை பழகுநராகவே இருந்து பழகுநராகவே பணி ஓய்வு பெறுவது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் இந்தக் கலையில் பாதித் தூரம் வந்துவிட்டவர்கள் ஏராளம். மீதித் தூரத்தையும் கடக்க விரும்புவோருக்காக இந்தச் சிறு வழிகாட்டி.

முதல் வேலை, கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிக்காமல் இருப்பது. சேருகிற அன்று எச்.ஆர். அறையில் வரிசையாக நிற்கவைத்து, பென்சிலால் இன்டு போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் நிற்பவன் ‘சீக்கிரம்டா’ என்பான். அவன் பேச்சைக் கேளுங்கள். தப்பித்தவறிப் படித்துத் தொலைத்தால், 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரிந்துவிடும். அதன் 18-ஆவது பிரிவு நீங்கள் பயிற்சி பெறுபவரே ஒழியத் தொழிலாளி அல்ல என்கிறது. அதனால் தொழிலாளர் சட்டங்கள் உங்களை எட்டிப்பார்க்காது. ஆனால் வேலையில் இருக்கும்போது அடிபட்டால் தொழிலாளிக்குப் போலவே இழப்பீடு தரவேண்டும் என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, விரல் பத்தும் முழுசாக இருக்கிறவரை நீங்கள் மாணவர்.

22-ஆவது பிரிவின் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். முன்பெல்லாம் அது, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று நேரடியாகச் சொன்னது. 2014-இல் அதைத் திருத்தி, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தக் கொள்கையைக் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. கேட்டால், ‘பார்க்கலாம் தம்பி’ என்று பதில் வரும். பல இடங்களில் கொள்கையின் முழு வாசகமே அதுதான். அதே பிரிவில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பயிற்சி முடிந்தபின் இங்கேயே வேலை பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், பொருத்தமான வேலை கொடுக்கக் கம்பெனியும் கடமைப்பட்டது. எச்.ஆர். அறையில் பொறுமையாகப் படித்துப் பார்த்தவனுக்கு மட்டும் தெரியக்கூடிய சங்கதி இது. நமக்கெதற்கு?

அடுத்தது பணம். 2019-இல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். பத்தாம் வகுப்போடு நேராக வந்தவருக்கு 6,000. அதாவது ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. படிப்புக்கு அரசு போட்ட விலை மாதம் ஆயிரம் ரூபாய். குறைந்தபட்சம் என்றால் அதற்குமேல் கொடுக்கலாம் என்றும் அர்த்தம். சில கம்பெனிகள் கொடுக்கின்றன, பல கம்பெனிகள் அந்த வார்த்தையை உச்சவரம்பு என்றே படித்துக்கொள்கின்றன. பி.எஃப். பிடித்தமில்லை, இ.எஸ்.ஐ. பிடித்தமில்லை. முழுசாகக் கைக்கு வரும் என்று பூரித்துப்போங்கள். பி.எஃப்.பில் கம்பெனி போடவேண்டிய பங்கும் சேர்ந்தே இல்லாமல் போகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்தக் கலைக்கு லாயக்கில்லை.

கம்பெனியின் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம், பாவம். முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம், தன் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2016-இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. இளைஞனுக்குத் தொழில் தெரியவேண்டும், கம்பெனிக்குச் சுமை தெரியக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச் வரும், பழைய பேட்ச் போகும். இருக்கையில் ஆள் மாறுவார், இருக்கை காலியாக இருக்காது. இதில் கம்பெனியைக் குறைசொல்ல என்ன இருக்கிறது, வருஷாவருஷம் புதுத் தலைமுறைக்கு வாய்ப்பளிக்கிறார்கள்.

ஓ.டி. பற்றியும் ஒரு வார்த்தை. பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் உங்களை ஓவர்டைம் பார்க்கவைக்கக் கூடாது. அவரும், இது பயிற்சிக்கு நல்லது அல்லது பொதுநலத்துக்கு அவசியம் என்று திருப்தியடைந்தால்தான் ஒப்புதல் தரலாம். எனவே மாசக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடியில் சூப்பர்வைசர் தோளில் கைபோட்டு, ‘இன்னிக்கு ஒரு நாலு மணி நேரம் இருந்துட்டுப் போடா’ என்றால், நாட்டின் பொதுநலம் உங்கள் தோளில் ஏறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கலையின் உயிர்நாடிக்கு வருவோம். கற்ற தொழிலை மறப்பது.

ஐ.டி.ஐ. முதல் வருஷத்தில் மாஸ்டர் ஒரு மைல்ட் ஸ்டீல் பட்டையைக் கொடுத்து, வைஸில் கட்டி, ஃபைல் போடச் சொன்னார். போட்டீர்கள். ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம். ‘மறுபடி ராவு.’ மறுபடி ராவினீர்கள். ஒரு பக்கம் நேரானது, மறுபக்கம் கூனிப்போனது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் காய்த்தபிறகு ஒரு நாள், ஆண் துண்டைப் பெண் துண்டில் எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் ஆடாமல் உட்கார்ந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார், அதுதான் பாராட்டு. வெர்னியரை எடுப்பதற்கு முன்னாலேயே எங்கே தூக்கல், எங்கே தாழ்வு என்று விரல்நுனி சொல்லிவிடும் நிலைக்கு வந்திருந்தீர்கள்.

அப்புறம் கம்பெனிக்கு வந்தீர்கள். லைனில் நிமிஷத்துக்கு ஒரு வண்டி நகர்கிறது. தலைக்குமேல் தொங்கும் நட்ரன்னரை இழுத்து, நாலு போல்ட். பச்சை விளக்கு எரிந்தால் விடவேண்டியது. அடுத்த வண்டி, நாலு போல்ட், பச்சை விளக்கு. ஒரு ஷிப்டுக்கு நானூறு சொச்சம் தடவை. நாலு போல்ட்டையும் மிகச் சரியான டார்க்கில் முறுக்குவது மெஷின். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள். இந்த வேலைக்கு பிட்டர் எதற்கு என்று கேட்கவேண்டிய இடத்தில் கேட்காதீர்கள். செல்போன் கம்பெனி லைனில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும் இதே கதைதான், போல்ட் மட்டும் பொடிசு. ஒரு வருஷம் முடிந்து வேறு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போகும்போது ‘என்ன வேலை தெரியும்?’ என்று கேட்பார்கள். தைரியமாகச் சொல்லுங்கள்: நாலு போல்ட்.

இதற்கு நேர்மாறான, பின்பற்றக்கூடாத ஓர் உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்சி பெல் தொழிற்சாலையைச் சுற்றி, திருவெறும்பூர் பக்கம், பாய்லர் வேலையில் ஊறிய ஊர்கள் உண்டு. பாய்லர் அழுத்தத்துக்கான குழாயை யார் வேண்டுமானாலும் பற்றவைத்துவிட முடியாது. 1950-ஆம் வருஷத்து இந்திய பாய்லர் விதிகள்படி தேர்ச்சி பெற்ற வெல்டர்தான் தொடலாம். சிக்ஸ்-ஜி என்றொரு சோதனை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி, கீழே படுத்தும் பக்கத்தில் வளைந்தும் மேலே எக்கியும், ஒரே சீராகப் பற்றுப்போட்டு முடிக்கவேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு கொப்புளம் தெரிந்தாலும் போச்சு. இதில் தேறியவர், மின்நிலையத்தில் ஷட்டவுன் வேலை வரும்போது ‘ஒரு நாளைக்கு எவ்வளவு தருவீங்க?’ என்று தானே கேட்கிறார். கம்பெனி அவரைத் தேடி போன் போடுகிறது. அவர் அடையாள அட்டையை யாரும் பார்ப்பதில்லை, எக்ஸ்ரே பிலிமைப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து டீ குடித்தால்கூடக் கெட்டுப்போவீர்கள்.

நீங்கள் அடையாள அட்டையை நம்புங்கள். அதில் வருஷாவருஷம் முன்னேற்றம் கண்கூடாகத் தெரியும். முதலில் அப்ரண்டிஸ். பிறகு டிரெய்னி. பிறகு காண்ட்ராக்ட். பிறகு குறித்தகால ஊழியர். ஒவ்வொன்றுக்கும் கயிற்றின் நிறம் வேறு, சில இடங்களில் சட்டையின் நிறமே வேறு. லைன் அதேதான், போல்ட்டும் அதேதான். சம்பளம் கொஞ்சம் ஏறும், ஏறியதைச் சாப்பிடப் பிடித்தமும் வந்துசேரும். பக்கத்தில் அதே நாலு போல்ட்டைப் போடும் நீலச் சட்டை அண்ணன் பெர்மனென்ட். அவருடைய சம்பளத்தை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்று ராத்திரி தூக்கம் வராது. ரூமில் பத்துப் பேர் மூன்று ஷிப்டாக ஒரே பாயில் மாறி மாறிப் படுப்பதால், தூங்காமல் இருப்பது அடுத்தவன் நேரத்தைத் திருடுவதாகவும் ஆகும்.

ஊரில் பெண் பார்க்கப் போகும்போது அப்பா, ‘பையன் கார் கம்பெனியில இருக்கான்’ என்பார். பெண்ணின் அப்பா விவரம் தெரிந்தவராக இருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: ‘பெர்மனென்டா?’ தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் செய்யத் தவறும் ஆய்வை மாமனார்கள் ஒரே வார்த்தையில் செய்கிறார்கள். ‘ஆயிடும்’ என்று சொல்லிவைக்கலாம். காலம் குறிப்பிடவேண்டாம்.

பெர்மனென்ட் ஆகிவிடும் ஆபத்து நிஜமாகவே ஒன்று உண்டு. 1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். அப்ரண்டிஸ் நாட்கள் இதில் சேராது, நீங்கள்தான் அப்போது தொழிலாளியே இல்லையே. அதற்குப் பிந்திய நாட்கள்தான் தொல்லை. கவலை வேண்டாம், கணக்கு 480-ஐ நெருங்கும்போது ‘கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாங்க தம்பி’ என்று மேலிடத்திலிருந்து பரிவோடு ஒரு குரல் வரும். ஊர்த் திருவிழாவுக்கு லீவு கேட்டால் தராத அதே குரல். சந்தோஷமாகப் போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது புதிய காண்ட்ராக்டர் பெயரில் புதிய அட்டை தயாராக இருக்கும், கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். வருகைப் பதிவையும் சம்பள ரசீதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்பவர்கள் இந்தப் பரிவைக் கொச்சைப்படுத்துகிறார்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் பி.எஃப்.புக்கு ஒரே யு.ஏ.என். எண்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் அதே ரகம்.

சிலருக்கு ரயில்வே ஆசை இருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பிலோ பொன்மலைப் பணிமனையிலோ அப்ரண்டிஸ் முடித்துவிட்டால் பாதி வேலை கிடைத்த மாதிரி என்று தாத்தா காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. தாத்தா சொன்னதில் அவர் காலத்துக்கு உண்மை உண்டு. இப்போது ரயில்வேயின் அடிமட்ட லெவல்-1 பணியிடங்களில் 20 சதவீதம் அங்கேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கீடு. ஆனால் எல்லோரோடும் உட்கார்ந்து தேர்வு எழுதவேண்டும். இது போதாது என்று 2018 மார்ச்சில் மும்பையில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே அப்ரண்டிஸ் முடித்தவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து லோக்கல் ரயில்களை நிறுத்தினார்கள். 2019-இல் 1,03,769 லெவல்-1 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். தேர்வு நடந்தது 2022-இல். இடைப்பட்ட மூன்று வருஷத்தை ‘ரயில்வேக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்’ என்ற ஒற்றை வாக்கியத்தால் கௌரவமாக ஓட்டிவிடலாம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவனை யாரும் பட்டினி என்று சொல்வதில்லையே. ஏழாவது ஊதியக்குழுப்படி அந்த வேலைக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், அகவிலைப்படி தனி. கிடைத்தவன் பாடு தேவலைதான். அதனாலேயே அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

பெர்மனென்ட் ஆகிவிட்டவர்களைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் இருந்தவர்கள் தங்களை அப்படித்தான் நினைத்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு தொழிலாளிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். 2021-இல் அறிவித்து அடுத்த வருஷம் கடைசிக் காரை அனுப்பிவைத்தார்கள். அந்தக் கேட்டுகளுக்கு வெளியே நின்று அழுதவர்கள் நிறைய. ஆனால் டூல் ரூமிலும் மெயின்டனன்ஸிலும் இருந்தவனுக்குக் கையில் தொழில் மிஞ்சியிருந்தது. லைனில் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு செட்டில்மென்ட் செக் மட்டும். இந்த வேறுபாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் வழிகாட்டியை மூடிவைத்துவிடுவீர்கள், ஆகையால் நகர்வோம்.

மூடத்தான் போகிறீர்கள் என்றால், தவிர்க்கவேண்டிய தவறுகளையும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதைச் செய்தாலும் வேலை கிடைத்துத் தொலைக்கலாம்.

அப்ரண்டிஸ் காலத்தில் லைனை விட்டு மெயின்டனன்ஸ் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன கற்றுத்தரவேண்டும் என்று பாடத்திட்டம் இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்டால் சூப்பர்வைசர் சங்கடப்படுவார். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் சான்றிதழ் போதும் என்பதையும், அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 என்பதையும் மறந்துவிடுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, அவர் சொன்னார் என்பதற்காகவே பொய்யாகிவிடாது, அதையும் மறந்துவிடுங்கள். 1995-இல் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்த அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சொன்னது. இதை விண்ணப்பத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் அதிகாரி உங்களை நிமிர்ந்து பார்ப்பார், கூச்சமாக இருக்கும்.

அம்பத்தூரிலோ கோவையிலோ பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத சின்னப் பட்டறையில் சேராதீர்கள். அங்கே ஏ.சி. இல்லை, கம்பெனி பஸ் இல்லை, முதல் வருஷம் சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் லேத், மில்லிங், கிரைண்டிங், சி.என்.சி. புரோகிராம் என்று எல்லாவற்றிலும் கைவைக்கவிடுவார்கள். மூன்றாம் வருஷம் நீங்கள் ‘கிளம்புறேன் ஓனர்’ என்றால், அவர்தான் உங்களை உட்காரவைத்துப் பேசுவார். இந்த அனுபவம் பழகுநர் வாழ்க்கைக்கு அடியோடு ஆகாது.

வளைகுடாவுக்குத்தான் போவேன் என்றால், ஊர் ஏஜென்ட்டிடம் நகையை அடகுவைத்துப் பணம் கட்டுவதே மரபு. 1978-இலிருந்து தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று நடத்துகிறது. அங்கே போய் விசாரித்து மரபைக் கெடுக்காதீர்கள். டிரேட் டெஸ்ட்டில் ஃபைலையும் வெர்னியரையும் கொடுத்து ஒரு ஜாப் செய்யச் சொல்வார்கள். கை மறந்திருந்தால் ஊரிலேயே இருக்கலாம், அம்மாவும் சந்தோஷப்படுவார்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்ரண்டிஸ் சான்றிதழையும் ஐ.டி.ஐ. சான்றிதழையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன் செய்யும் இடத்தில் பிளாஸ்டிக் உறைமேல் முத்திரை குத்தமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.